மழை சொன்ன நாளில் வராவிட்டால்: சிறு விவசாயியும் காலநிலைத் தகவமைப்பும்

கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் ஓயாத மழை எங்கள் பக்கம் கிடையாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்குத் திறந்து கிடக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய், அதன் கிழக்கு முனையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாக ஊர்கள். மாநிலம் கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ், சந்தைக்குப் பொள்ளாச்சி. மேற்கே பத்து இருபது கிலோமீட்டர் போனால் வயல் நனைந்திருக்கும். இங்கே வெறும் காற்றடிக்கும். சித்தூர்த் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் பனைக்கும் கடலைக்கும் தென்னைக்கும் பேர் போனது. இப்போது ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பேர் போனது.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் 'தகவமைப்பு' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அது என்ன, ஐந்து ஏக்கருக்குக் கீழே நிலம் வைத்திருப்பவருக்கு அது எப்படி அமைகிறது என்பதை இந்த ஊர்களை வைத்தே பார்க்கலாம். பனிமலை உருகும் படத்தைவிடக் காய்ந்துபோன தென்னை மட்டை நமக்குச் சீக்கிரம் புரியும்.

முதலில் யார் சிறு விவசாயி என்ற கணக்கு. அரசுக் கணக்கில் 1 ஹெக்டேருக்குக் கீழ் வைத்திருப்பவர் குறு விவசாயி, 2 ஹெக்டேர் வரை சிறு விவசாயி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நில உடைமைகளில் நூற்றுக்கு 86 இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. கேரளத்தின் சராசரி உடைமை 0.18 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 45 சென்ட். வீட்டைச் சுற்றிய தோட்டங்களும் அதில் சேர்ந்திருப்பதால் எண் அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. சித்தூர்ப் பக்கம் அதைவிடப் பெரிய நிலங்கள் உண்டு. ஆனாலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்கள்தான் ஊர் முழுக்க. இவர்களுக்கு ஒரு பட்டம், அதாவது ஒரு விதைப்புப் பருவம், பொய்த்தால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கக் கையில் காசு இருக்காது. பெரிய விவசாயிக்கு மோசமான ஆண்டு நஷ்டத்தோடு முடிந்துவிடும். சிறு விவசாயிக்கு அது கடனாகி அடுத்த ஆண்டுக்குள்ளும் வரும். தகவமைப்பு பற்றி என்ன பேசினாலும் இதை மறந்துவிடக் கூடாது.

சரி, என்னதான் மாறிவிட்டது? "மழை குறைந்துவிட்டது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, அது எந்த நாட்களில், எவ்வளவு நேரத்தில் கொட்டியது என்பதுதான் விவசாயியைப் படுத்துகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அப்படிச் சேர்ந்தது இறங்கும்போது மொத்தமாக இறங்கும். நடுவில் உள்ள வறண்ட இடைவெளிகள் நீளும். பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் பெய்தால் வருடக் கணக்கு சரியாகவே இருக்கும், நிலத்துக்குள் இறங்கிய ஈரம்தான் பாதியாகியிருக்கும்.

தேதியும் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2023-ல் அது ஜூன் 8-ல் வந்தது, 2024-ல் மே 30, 2025-ல் மே 24. மூன்று ஆண்டுக்குள் பதினைந்து நாள் முன்பின். அந்த 2023-ல் தாமதமாக வந்த மழை ஆகஸ்டில் கிட்டத்தட்ட நின்றேபோனது. 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அது. அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்புதான், 2018 ஆகஸ்டில், இதே மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியது. அதற்கும் முன்னால் 2016-ல் தென்மேற்கு மழை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, வடகிழக்கு மழையும் கைவிட்டது. வறட்சிக்குத் தயாரானவர் வெள்ளத்தில் மாட்டினார், வெள்ளத்துக்குப் பயந்தவர் வறட்சியில் மாட்டினார்.

இன்னொன்று வெப்பம். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது, வெப்ப அலை எச்சரிக்கை விட்டார்கள். பகல் சூடு கண்ணுக்குத் தெரியும். பயிருக்கு இரவுச் சூடும் கெடுதல்தான். பகலில் தயாரித்த சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும், மணிக்குப் போய்ச் சேருவது குறையும். நெல் பூக்கும் காலை நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதர் அதிகமாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊரில் நடக்கும் எல்லாக் கெடுதலையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. 2023-ல் எல் நினோ இருந்தது, பசிபிக் கடல் சூடாகி நம் பருவமழையைக் குறைக்கும் இயற்கை நிகழ்வு அது. தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்-ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். சித்தூர்ப் புழையை நம்பிய வாய்க்கால் பாசனத்துக்கு அதுதான் உயிர். அது எந்த மாதத்தில், எவ்வளவு வருகிறது என்பதை வானம் மட்டும் முடிவு செய்வதில்லை, இரண்டு மாநில அதிகாரிகளும் முடிவு செய்கிறார்கள். ஆள் கூலி, தேங்காய் விலை, பிள்ளைகள் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போவது, எல்லாமே விவசாயத்தை மாற்றுகின்றன. இவற்றுக்கு மேல் வந்து ஏறிய சுமைதான் காலநிலை.

இப்போது தகவமைப்பு. வறட்சி வந்ததும் மாட்டை விற்றுச் சாப்பாட்டுக்கு வழி பார்ப்பதும், நகையை அடகு வைத்துப் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதும் சமாளிப்பு. அந்த ஆண்டைத் தாண்டலாம், ஆனால் அடுத்த வறட்சிக்கு விற்க மாடு இருக்காது. அடுத்த கெட்ட ஆண்டு வரும்போது இன்றைவிட நல்ல நிலையில் இருக்கும்படி நிலத்தையும் பயிரையும் வேலை முறையையும் மாற்றிக்கொண்டால் அது தகவமைப்பு. ஒரே செயல் ஒருவருக்குச் சமாளிப்பாகவும் இன்னொருவருக்குத் தகவமைப்பாகவும் இருக்கலாம். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக மழை போனால் இந்த ஏற்பாடு நிற்குமா? இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? எந்த யோசனை காதில் விழுந்தாலும் நான் இந்த இரண்டு கேள்வியைத்தான் கேட்டுப் பார்ப்பேன்.

போரில் இருந்தே தொடங்கலாம். இரண்டு விவசாயிகள் சந்தித்தால் "எத்தனை அடிங்க போச்சு?" என்பதுதான் இங்கே நலவிசாரிப்பு. இந்த மண்ணுக்குக் கீழே இருப்பது கடும்பாறை. மணற்பாங்கான ஆற்றுப்படுகை போல இதற்குள் தண்ணீர் பரவிக் கிடப்பதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. ஆழம் போகப்போக வெடிப்புகள் குறையும், இருக்கும் நீரும் எப்போதோ சேர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் திரும்ப நிரம்பாது. ஒரே இளநீரில் நாலு பேர் ஸ்ட்ரா போட்ட கதைதான். நீளமான ஸ்ட்ரா வைத்திருப்பவர் கடைசிவரை குடிப்பார், காய் பெரிதாகாது. கேரளத்திலேயே நிலத்தடி நீர் மிக மோசமாகக் குறைந்த வட்டாரங்களில் ஒன்றாகச் சித்தூரை மத்திய நிலத்தடி நீர் வாரியம் பல ஆண்டுகளாகக் குறித்துவருகிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கிய குளிர்பான ஆலை, தண்ணீருக்காக மக்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின் 2004-ல் நின்றதை நாடே பார்த்தது. ஆலை போய்விட்டது, போர் வண்டிகள் வருவது நிற்கவில்லை.

ஆழமாகப் போர் போடுவதும் வறட்சிக்கு ஒரு விவசாயி கொடுக்கும் பதில்தான். அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காய்க்கிற தோப்பு கண் முன்னே காயும்போது வேறென்ன செய்வார்? ஆனால் அதன் விலையைப் பக்கத்து நிலத்து ஆழமில்லாத கிணற்றுக்காரர் கொடுக்கிறார். நாலு வருடம் கழித்து அவரே கொடுக்கிறார். நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடே பாதிப்பைக் கூட்டிவிடுவதைத் தவறான தகவமைப்பு என்பார்கள். இந்த இயலைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து இதுதான் என்பேன்.

ஆனால் போர் ஏன் அவ்வளவு அவசியமானது? தென்னையால். ஒரு காலத்தில் இங்கே மேட்டாங்காட்டில் கடலை, சோளம், கம்பு, பருத்தி என்று ஆண்டுப் பயிர்கள் அதிகம். ஆள் கிடைப்பது குறைந்து கூலி ஏறியபோது பலரும் தென்னைக்கு மாறினார்கள். மாதாமாதம் காய், குறைந்த ஆள் வேலை. பொருளாதாரமாகப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் கடலைக்காரர் மழை பொய்த்த ஆண்டு விதைக்காமல் இருந்துவிடலாம், வேறு பயிருக்குத் தாவலாம். தென்னைக்காரர் அறுபது ஆண்டுக்கு ஒரே பயிரோடு கட்டுண்டவர். மரத்துக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,200 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். ஆகக் கோடையில் தோப்பு நாள்தோறும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான மழையைக் குடிக்கிறது. நூறு நாளில் 4.2 லட்சம் லிட்டர். கோடை மழை இரண்டு தடவை தவறினால் அந்தப் பாரம் முழுக்க நிலத்தடி நீரின் மேல் விழுகிறது. கொடுக்க முடியாமல் போனால் பாதிப்பு அந்த ஆண்டோடு முடிவதும் இல்லை. தென்னையின் பூங்குலை குருத்துக்குள் உருவாகத் தொடங்கி முற்றிய காயாக ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதனால் ஒரு கடும் வறட்சி அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் காய்ப்பிலும் தெரியும். நல்ல மழை பெய்த ஆண்டில் காய் குறைந்துபோய்த் தோப்புக்காரர் திகைத்து நிற்பது இதனால்தான்.

அப்படியானால் தென்னையை வெட்டிவிடலாமா? யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இருக்கும் தோப்பின் தாகத்தைக் குறைப்பதுதான் நடக்கிற காரியம். வட்டப்பாத்தியில் காய்ந்த மட்டையையும் ஓலையையும் மூடாக்காகப் போடுவது, மரத்தைச் சுற்றிக் குழி எடுத்துத் தேங்காய் மட்டைகளை அடுக்கி மண் போட்டு மூடுவது. மட்டையின் நார் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். செலவு பெரும்பாலும் ஆள் கூலிதான். எந்தக் கம்பெனிக்கும் இதில் லாபம் இல்லாததால் விளம்பரமும் இல்லை என்று எனக்குத் தோன்றும். கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிற இந்த ஊர்களில் மண்ணை மூடி வைப்பது இன்னும் அவசியம். வரப்பில் பனையும் வேலியில் கிளுவையும் விட்டு வைத்த பழைய ஆட்கள் காற்றைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

ஊடுபயிர் அடுத்தது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்புக்குள் கோகோவும் ஜாதிக்காயும் வைத்து நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். தேங்காய் விலை விழும் ஆண்டில் அது கைகொடுக்கும். ஆனால் ஜாதிக்காய்க்குத் தண்ணீர் வேண்டும், நிழலும் குளுமையும் வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் தோப்பில் சரியாக வருவது வடகரப்பதியின் மேட்டில் வராது. வாட்சப்பில் வரும் வெற்றிக் கதைகளில் ஊர்ப்பெயர் இருக்கும், தண்ணீர்க் கணக்கு இருக்காது. கோடை முழுக்கத் தண்ணீர் உறுதி இல்லாத இடத்தில் தோப்புக்குள் தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுவதே பெரிய லாபம்.

தென்னையில் வெள்ளை ஈ வந்ததையும் சொல்ல வேண்டும். சுருள் வெள்ளை ஈ 2016-ல்தான் பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. அயல்நாட்டுப் பூச்சி. வறண்ட, சூடான மாதங்களில் பெருகும். ஓலையில் கரும்பூசணம் படிந்து தோப்பே கறுத்துப்போகும். பதறிப்போய் மருந்து அடித்தால் இந்த ஈயின் குஞ்சுகளைத் தின்று வாழும் என்கார்சியா என்ற குட்டிக் குளவியும் சேர்ந்து சாகும். அதனால் விசைத் தண்ணீர் பீய்ச்சி ஓலையைக் கழுவச் சொல்கிறார்கள், ஒட்டுண்ணி உள்ள ஓலையை வெட்டிப் புதுத் தோப்பில் கட்டச் சொல்கிறார்கள். ஒன்றும் அடிக்காமல் பொறுத்திருப்பதும் சில சமயம் தகவமைப்பின் பகுதிதான். கடன் வாங்கித் தோப்பு வைத்தவருக்கு அந்தப் பொறுமை எவ்வளவு கஷ்டம் என்பது வேறு விஷயம்.

தண்ணீரைச் சேமிக்கும் பக்கம் வந்தால் பண்ணைக்குட்டை, சொட்டுநீர் என்று இரண்டு பெயர் உடனே வரும். 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்துக்குக் குட்டை வெட்டினால் கரைச் சரிவு போகச் சுமார் 6 லட்சம் லிட்டர் நிற்கும் என்று வைக்கலாம். ஒரு ஏக்கர் கடலைக்கு 30 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு தண்ணி விட 1.2 லட்சம் லிட்டர் போதும். வறண்ட இடைவெளியில் ஒரே ஒரு உயிர்த்தண்ணி கிடைத்தால் பயிர் பிழைக்கும் என்பதால் இந்தக் குட்டை இரண்டு ஏக்கரைக் காப்பாற்றும், ஆவியானது போகவும்கூட. வெள்ளம் கொட்டும் நாளிலும் ஓடும் நீரைத் தடுக்கும். எதிர்த்திசையில் மழை போனாலும் நிற்கும் ஏற்பாடு இது. ஆனால் 400 சதுர மீட்டர் என்பது பத்து சென்ட். ஒரு ஏக்கர்க்காரர் தன் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குழியாக்க வேண்டும். செம்மண்ணில் நீர் நிற்காது, அடியில் தாள் விரிக்க வேண்டும். கரிசலில் நிற்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டை என்றால் கணக்கு எளிதாகும், ஆனால் நாலு பேர் சேர்வது எளிதல்ல.

சேர்ந்து செய்வதற்குச் சித்தூர்ப் பகுதியிலேயே முன்மாதிரி இருக்கிறது. மூங்கில்மடை, கரடிப்பாறை போன்ற இடங்களில் சமூக நுண்பாசனம் என்று, ஒரே பம்ப்பில் இருந்து பல விவசாயிகளின் நிலத்துக்குக் குழாய் வழியே சொட்டுநீர் கொடுக்கும் ஏற்பாட்டைக் கேரள அரசு கொண்டுவந்தது. தனித்தனியாகப் போர் போடுவதற்கு இது நேர் எதிரான யோசனை. இந்தப் பக்கம் ஏரிகளும் உண்டு. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகள் நிறைந்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர் ஊறும். தூர் வாரி வைத்த ஏரி ஊருக்கே பண்ணைக்குட்டை.

சொட்டுநீர் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் பொறாமையோடு பார்க்கும் திட்டங்களில் ஒன்று. சொட்டுநீர் ஒரு மரத்துக்கான தண்ணீரைக் குறைக்கிறது, சந்தேகமில்லை. மிச்சமான தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் தென்னை வைத்தால் நிலத்தடியில் இருந்து எடுப்பது பழைய அளவுக்கே திரும்பிவிடும். குழாயோடு சேர்த்து 'எவ்வளவு நட வேண்டும்' என்ற ஒழுங்கும் வந்தால்தான் மிச்சம் மிச்சமாக இருக்கும்.

மேற்கே சித்தூர், நல்லேப்பிள்ளி வயல்களில் கதை வேறு. அங்கே முதல் போகம் விரிப்பு, இரண்டாம் போகம் முண்டகன் என்று இரண்டு போக நெல். விரிப்புக்குக் கோடை மழையில் உழுது காய்ந்த மண்ணிலேயே விதைப்பது பழைய வழக்கம். மழை பிந்தினால் விரிப்பு பிந்தும், அது பிந்தினால் முண்டகனும் பிந்தும். கடைசியில் முண்டகன் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும். அதனால் தொடக்கத்திலேயே ரகத்தை மாற்றுவார்கள். பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தின் ஜோதி ரகம் உமா ரகத்தைவிட முன்கூட்டியே அறுப்புக்கு வந்துவிடும். அப்புறம் ஏன் உமாவைப் பலர் விடுவதில்லை? உமா நெல்லுக்கு உறக்கக் காலம் நீளம். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலும் கதிரிலேயே முளைக்காது. ஒன்று வறட்சிக்கு வாகு, இன்னொன்று அறுப்பு மழைக்கு வாகு. இந்த ஆண்டு எது வரும் என்று தெரியாதவர் பாதி வயலில் இது, பாதியில் அது என்று போடுகிறார். விளைச்சலின் உச்சத்தை விட்டுக்கொடுத்து முழு இழப்பைத் தவிர்ப்பது சிறு விவசாயியின் பழைய கணக்கு. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைப் பிற்போக்கு என்பார்கள்.

வயலில் எப்போதும் நீர் நிறுத்தி வைக்காமல், மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை இன்னொரு வழி. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து மட்டம் பார்க்கலாம். தண்ணீர் மிச்சம், வயலில் இருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். ஆனால் வேண்டும்போது வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இருப்பவர்தான் வயலைக் காயவிடுவார். முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாதவர் வந்த அன்றே முட்ட நிறுத்திக்கொள்வார். அவர் செய்வதும் நியாயமே.

மானாவாரியில் கடலை போடுகிறவருக்கு மழையின் மொத்த அளவு முக்கியமில்லை. பூத்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நாட்களில் ஈரம் வேண்டும். அந்த நேரத்தில் இருபது நாள் வானம் மூடிக்கொண்டால் செடி பச்சையாகவே நிற்கும், பிடுங்கினால் காய் இருக்காது. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டி முதல் மழையை மண்ணுக்குள் இறக்குவது, குறுகிய வயது ரகம் போடுவது, கடலை நடுவே துவரை வரிசை விடுவது, இவையெல்லாம் அந்த இருபது நாளுக்கான காப்பு. பட்டமே தவறினால் கடலையை மறந்துவிட்டுப் புரட்டாசியில் கொள்ளு. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி சொல்லாமல் விட்டது, ஆடியில் மழை தேடியும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை. அந்த இடத்தை நிரப்பத்தான் மாவட்டம் மாவட்டமாக மாற்றுப்பயிர்த் திட்டங்களை ஹைதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்து வைத்திருக்கிறது: மழை இரண்டு வாரம் பிந்தினால் இது, நாலு வாரம் பிந்தினால் அது. திட்டம் தாளில் இருக்கிறது. பிந்திய நாலாவது வாரத்தில் கொள்ளு விதை கடையில் இருக்குமா என்பதுதான் சிக்கல்.

ஆந்திர எல்லையிலும் ஒரு சித்தூர் உண்டு. குப்பம், நகரி என்று அங்கும் தமிழ்க் குடும்பங்கள், அங்கும் கடலை. ஆந்திர அரசின் சமூக இயற்கை விவசாயத் திட்டம் அங்கே பரப்பும் ஒரு முறை எங்கள் மேட்டாங்காட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மழைக்குக் காத்திராமல், களிமண்ணும் சாம்பலும் பூசி உருட்டிய பல வகை விதைகளைக் கோடையிலேயே வறண்ட மண்ணில் தூவி, மேலே மூடாக்குப் போட்டுவிடுவார்கள். சின்னக் கோடைத் தூறலிலேயே அவை முளைக்கும். பருவமழை வருவதற்குள் நிலம் பச்சையாகி, மாட்டுக்குத் தீவனமும் மண்ணுக்கு உரமும் கிடைத்துவிடும். முளைக்காமல் போனாலும் இழப்பு கொஞ்சம் விதைதான். குறைந்த செலவில் சோதித்துப் பார்க்கலாம் என்பதே இதன் பெரிய பலம்.

முதலமடை மாந்தோப்புகளை விட்டுவிட்டால் இந்தப் பக்கத்துப் படம் முடியாது. நாட்டிலேயே முந்திச் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் அந்த ஊர்க் காய் ஒன்று, அந்த முந்துதலில்தான் அதன் விலையே இருக்கிறது. மா பூக்க வறட்சியும் இரவுக் குளிரும் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் காலந்தவறி மழை வந்தால் பூவுக்குப் பதில் தளிர் கிளம்பும், பூத்ததும் உதிரும். பூக்கவைக்கவும் பூச்சியை விரட்டவும் மருந்துக்கு மேல் மருந்து அடிப்பது நடக்கிறது. பல தோப்புகள் குத்தகைக்கு விட்டவை. ஓரிரு பருவத்துக்குக் குத்தகை எடுத்தவர் பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் மண் வேலையை ஏன் செய்ய வேண்டும்?

இந்தக் குத்தகைச் சிக்கல் மாவோடு நிற்பதில்லை. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகையை ஒழித்தது. ஏழைக் குடியானவருக்கு நிலம் கிடைக்கச் செய்த பெரிய காரியம் அது. ஆனால் இன்றைக்கு நிலமில்லாதவர் வாய்ப்பேச்சில் நிலம் எடுத்துப் பயிர் செய்யும்போது அவர் பெயரில் காகிதம் ஒன்றும் இருக்காது. காகிதம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைப்பதும் காப்பீடு கிடைப்பதும் பெரும்பாடு. வீடு ஒரு மாநிலம், நிலம் ஒரு மாநிலம் என்று இருப்பவர்களுக்கு அலைச்சல் இரட்டிப்பு.

காப்பீடும் ஒரு தகவமைப்புதான். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது காரிஃப் என்ற மழைக்காலப் பயிருக்கு 2 சதவீதம், ராபி என்ற குளிர்காலப் பயிருக்கு 1.5, தோட்டப் பயிர், பணப்பயிருக்கு 5. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. வானிலை சார்ந்த காப்பீடு என்று இன்னொன்று உண்டு. அதில் உங்கள் வயலை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் மழையோ வெப்பமோ நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தாலோ கூடினாலோ பணம் வரும். வேகமாக வரும் என்பது நன்மை. நிலையம் இருக்கும் ஊரில் பெய்து உங்கள் ஊரில் பெய்யாவிட்டால் கிடைக்காது. பத்து கிலோமீட்டருக்குள் மழை மாறும் இந்தக் கணவாய் ஓரத்தில் அது சின்னக் குறை இல்லை.

தகவலும் அப்படித்தான். கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருப்பது கேரளத்தின் பலம். ஆனால் சுற்றறிக்கை மலையாளத்தில். தமிழ்வழிப் பள்ளியில் படித்த விவசாயி, தமிழ்நாடு அரசின் உழவன் செயலியைத் திறந்தால் தமிழில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அது தமிழ்நாட்டு மானியத்தைப் பற்றியது. கோயமுத்தூர் முன்னறிவிப்பைப் பார்த்துப் பாலக்காட்டில் விதைப்பவர்கள் நிறைய. எருத்தேம்பதி போன்ற ஊருக்கு அது பெரிய தவறும் இல்லை. மேகத்துக்குச் செக்போஸ்ட் கிடையாது.

மாடு வளர்ப்பதையும் இங்கே பலர் தகவமைப்பாகவே செய்கிறார்கள். பயிர் தவறினாலும் பால் காசு வாரம் தவறாது. ஆனால் கலப்பின மாடு சூட்டில் தீனி குறைத்துப் பால் குறைக்கும். கொட்டகைக் கூரையை உயர்த்துவது, மேலே ஓலை வேய்வது, பகலில் தண்ணீர் தெளிப்பது என்று செலவு வரும். பசுந்தீவனத்துக்கும் தண்ணீர் வேண்டும், சுற்றிச் சுற்றி அதே போருக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. மனிதருக்கும் சூடு சூடுதான். கோடையில் மதியம் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. தன் காட்டில் தானே வேலை செய்பவருக்கு உத்தரவு போட ஆள் இல்லை. விடியுமுன் தொடங்கிப் பத்து மணிக்கு ஏறிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒரு எல்லை இருக்கிறது. மழை நூறு மில்லிமீட்டர் குறைந்தால் மூடாக்கும் குட்டையும் காப்பாற்றும். இரண்டு பருவமும் அடுத்தடுத்துப் பொய்த்தால், 2016-ல் நடந்ததுபோல, எந்த மூடாக்கும் போதாது. அப்போது ஒரு மகன் கோயமுத்தூர் பட்டறைக்கும் ஒரு மகள் திருப்பூருக்கும் போய் அனுப்பும் பணத்தில்தான் தோப்பு நிற்கிறது. பட்டறைக் கூலியும் அந்தக் குடும்பத்தின் காலநிலைத் தகவமைப்பில் சேர்த்தி. வேளாண் துறைப் பட்டியலில் அதற்கு இடமில்லை, மானியமும் இல்லை.